கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா?

பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கலாம், ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்கலாம். கரண்ட் கேட்டுப் போய் நின்றவன் பெங்களூர் கம்மனஹள்ளியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பத்தே நாளில் மூன்று முறை. முதல் முறை எதிர் ஃபிளாட் இளைஞன் பனியனோடு ஓடிவந்தான். தன் காரை என் காருக்கு மூக்கோடு மூக்கு நிறுத்தி ஜம்பர் கேபிள் மாட்டிக் கொடுத்தான். இரண்டாம் முறை காபி குடித்துவிட்டு வந்தான். மூன்றாம் முறை செருப்பு வாசலில் இருந்தது. ஆள் மட்டும் வீட்டில் இல்லை.

தெருவில் கார் படுத்துக்கொண்டால் பரவாயில்லை. நாலு பேர் தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும். பேஸ்மென்ட்டில் தள்ள வேண்டியது மேட்டில். எங்கள் செக்யூரிட்டி ஒரே ஒரு தடவை தோள் கொடுத்துப் பார்த்தார். உடனே அவருக்கு கேட்டில் அவசர வேலை வந்துவிட்டது. பெரியப்பாவின் அம்பாசிடருக்கு இந்தத் தொல்லை கிடையாது. முன்னால் ஹேண்டிலைச் செருகி, முருகா என்று ஒரு சுற்று. 1912-இல் காடிலாக் காருக்கு சார்லஸ் கெட்டரிங் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் பொருத்திக் கொடுத்தார். அதிலிருந்து ஹேண்டிலுக்கு மவுசு குறைந்து, கடைசியில் அதைச் செருகும் ஓட்டையையே அடைத்துவிட்டார்கள்.

காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? தர்மபுரியிலிருந்து அம்மா, “அந்த ஊர்க் குளிருடா” என்றாள். பாவம், குளிரைச் சொல்லக் கூடாது. பேட்டரியின் ஆயுளைக் குடிப்பது வெயில்தான். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊரில் பேட்டரி சென்னையைவிடச் சௌக்கியமாகவே இருக்கும்.

ஆபீஸ் நண்பர் ட்ராஃபிக் என்றார். அதில் நியாயம் இருந்தது. 2023-க்கான டாம்டாம் கணக்குப்படி பெங்களூரின் நடுப்பகுதியில் பத்து கிலோமீட்டர் போகச் சராசரியாக 28 நிமிடம் 10 நொடி. மாரத்தஹள்ளி மழையில் ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றால், ஐடிலில் ஓடும் ஆல்டர்னேட்டர் சம்பாதிப்பது அன்றைய செலவுக்குத்தான் காணும். என் சம்பளம் மாதிரி. ஆனால் எனக்கு ஆபீஸ் செவ்வாய்க்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் வண்டி சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன செலவு?

பேட்டரிக் கடைக்காரர் அவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. “பேட்டரி வீக் ஆகிதே சார், ஹொஸது ஹாக்ஸி” என்று புதுசு போடச் சொன்னார். பழசைக் கொடுத்ததுபோக 4,600 ரூபாய். செவ்வாய் மாலை புதுசு மாட்டினேன். வெள்ளி காலை சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக் என்று பல்லி மாதிரி சத்தம். நல்ல சகுனம் என்றாள் மனைவி.

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். புது பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி அளந்தால் 12.6 வோல்ட், நிறைவயிறு. இன்ஜின் ஓடும்போது 14.2, ஆல்டர்னேட்டரும் யோக்கியன். அப்படியானால் வண்டி தூங்கும்போது யாரோ குடிக்கிறார்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், பத்து ஆம்பியர் துளையில். இந்த நேரத்தில் மறந்தும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஸ்டார்ட்டர் மீட்டரைப் பொசுக்கிவிடும். கதவைத் திறந்துவைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி மூடியதுபோல ஏமாற்றினேன். பிறகு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அவ்வளவு நேரமாகும். அவை தூங்கிய பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் மீட்டர் 0.44-இல் நின்றது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது எண்பது மணி நேரத் தீனி. செவ்வாய் இரவு நிறுத்தினால் வெள்ளி காலைக்குள் முக்கால்வாசி காலி. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஆடியோவில் அசையவில்லை. ஹாரனில் அசையவில்லை. உள்விளக்குகளின் ஃப்யூஸைத் தொட்டதும் 0.44 சரேலென்று 0.02 ஆனது. ஆனால் மேல் விளக்கு கண்ணெதிரே அணைந்துதானே இருக்கிறது? மிச்சம் இருப்பது கிளவ் பாக்ஸ். மூடிய பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஃப்யூஸைத் திரும்பச் செருகி, போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினேன்.

எடுத்துப் பார்த்தால் அமோகமான வெளிச்சம்! காலாவதியான மூன்று பொல்யூஷன் சர்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ், ஆஞ்சநேயர் படம், எல்லாம் கர்ப்பகிரகம் போல ஜொலித்தன. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அணையா அடுப்பு. கம்மனஹள்ளி பேஸ்மென்ட்டில் என் அணையா விளக்கு. ஐந்து வாட் பல்பு, இரவு பகலாக.

மூடி அமுக்கினால் அணைக்க வேண்டிய குட்டி ஸ்விட்ச், அமுங்கிய இடத்தில் நிற்கவும் இல்லை, எழவும் இல்லை, பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாகப் பொடி. தொட்டு மோந்து பார்த்தேன். விபூதி. ஆயுத பூஜைக்கு அம்மா, வண்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மடித்து வைத்த பொட்டலம் பிரிந்து கொட்டியிருக்கிறது.

பழைய டூத் பிரஷ், இரண்டு நிமிடம். செலவு பூஜ்யம், 4,600-ஐச் சேர்க்காமல் சொன்னால். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், விபூதியைத் துடைத்ததற்குத் தனியாக ஒரு பரிகாரம் இருக்கும்.

போன வாரம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், “யாரிடமாவது ஜம்பர் கேபிள் இருக்கா?” என்று எதிர் ஃபிளாட் பையன் கேட்டிருந்தான். அவனுடையதை யாரோ வாங்கிப்போய்த் தரவில்லையாம். அந்த யாரோ நான்தான். கேபிளோடு மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், டூத் பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். “முதல்ல நெகட்டிவ் முனையைக் கழட்டி அரை மணி நேரம்...” என்று ஆரம்பித்தேன்.

“கேபிள் மட்டும் குடுங்க அங்கிள்” என்றான்.