படகு சாமி

திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால்தான் உப்புக்காற்று. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பஞ்சபூதத் தலங்களில் இந்த ஊருக்கு வந்தது நெருப்பு. தண்ணீரைத் திருவானைக்காவலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய டீக்கடைகளில் ஒன்றில், உலகத்தின் பழைய பாய்மரப் படகுகளையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கழித்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் படகு சாமி.

‘ஒருவர்’ என்பது எழுத்து வசதிக்காக. படகு சாமிகள் பலர் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஒரு சீசன், ஜெர்மன்காரர் அடுத்த சீசன், நடுவில் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்த நம்மவர் ஒருவர். எல்லோரையும் ஒரே ஆளாகச் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரியாது, துணி ஒன்றுதான்.

கார்த்திகைக்கு முன்னால் வருவார், வெயில் ஏறியதும் போய்விடுவார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், கையில் கண்ணாடி விரிசல்விட்ட கைபேசி. வீட்டை விற்றாயிற்று. காரையும் கொடுத்தாயிற்று. மனைவியைத் துறக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் முந்திக்கொண்டுவிட்டார். மீதி இருப்பது படகு ஒன்றுதான். அதைத் துறக்க முடியாத காரணம் எளிது: இன்னும் வாங்கவில்லை.

பல சீசன் வந்துபோனதில் தமிழ் கொஞ்சம் பேசுவார். பெரும்பாலும் மறுக்கிற தமிழ். சர்க்கரை வேணாம், காரம் வேணாம், பிளாஸ்டிக் கவர் வேணாம், ஆட்டோ வேணாம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வருகிற ஆளுக்கு ஆட்டோ எதற்கு? ஆனாலும் டீக்கடை வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்தான் அவருக்கு முதல் சீடர். சவாரி இல்லாத மத்தியானங்கள் அவருக்கு நிறைய உண்டு.

சாமி தேடுவது சும்மா ஒரு படகை அல்ல, முழுநீளக் கீல் உள்ள படகை. டீ மாஸ்டருக்கு இதை அவர் விளக்கிய விதம் எங்கள் தெருவில் பிரசித்தம். எச்சில் கிளாஸ் கழுவுகிற தொட்டியில் வாழைப்பழத் தோலை மிதக்கவிட்டு, கையாலும் ஆங்கிலத்தாலும் பாடம் நடத்தினார். படகின் அடியில் கீல் என்று ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். இந்தக் காலத்துப் படகுகளில் அது நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு துடுப்பு மட்டும். சுக்கான் பின்னால் தனியே தொங்கும். ஓட்டம் வேகம்தான். ஆனால் நடுக்கடலில் ஒரு மரக்கட்டை மோதினால் முதலில் உடைவது அந்தச் சுக்கான். பழைய பாணியில் முன்பக்கத்திலிருந்து பின்கோடி வரை கீல் ஒரே நீட்டாக ஓடும். அதன் பின்விளிம்பிலேயே சுக்கான் பத்திரமாக ஒட்டியிருக்கும். வலையும் கயிறும் எளிதில் சிக்காது. அலையில் துள்ளாது. பிடித்த திசையை விடவே விடாது. திரும்பச் சொன்னால் மட்டும் யோசிக்கும். பின்னால் போகச் சொன்னால் தன் இஷ்டத்துக்குப் போகும்.

மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “நம்ம பெரிய தேர் மாதிரின்னு சொல்லு. நேராப் போவும். திருப்பணும்னா முட்டுக்கட்டை போடணும்.”

சாமி முட்டுக்கட்டை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். கீலைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தக் கையேட்டிலும் கிடையாது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தேவை தெளிவாக இருக்கிறது; சந்தையில் சரக்கும் இருக்கிறது. வெஸ்ட்செயில் 32, கான்டெஸ்ஸா 26, ரஸ்ட்லர் 36 என்று நீளக் கீல் படகுகள் உலகத் துறைமுகங்களில் விலைச்சீட்டு மாட்டிக்கொண்டு நிற்கின்றன. படமும் பரிசோதனை அறிக்கையும் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. பிறகு ஏன் வாங்கவில்லை?

முதல் காரணம் அம்மை. ஃபைபர் படகு பல வருஷம் தண்ணீரிலேயே கிடந்தால், மேல்பூச்சு வழியாக ஈரம் உள்ளே கசிந்து, அங்கிருக்கும் ரசாயனத்தோடு கலந்து, வெளியே கொப்புளமாகப் புடைக்கும். ஆஸ்மோசிஸ் என்று பெயர். சாமி படத்தைக் காட்டியதும் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்து, “ஐயோ, ஆத்தா வந்திருக்கு” என்றார். அன்றிலிருந்து எங்கள் பெஞ்சில் அதற்கு அதுதான் பெயர். “இன்னா சாமி, அந்த போர்ச்சுகல் படகு?” “அம்மை.” முடிந்தது வழக்கு. உண்மையில் கொப்புளத்தால் மூழ்கிப்போன படகு என்பது அபூர்வம்; சுரண்டி, காயவைத்து, பூசிவிடலாம். இதுவும் சாமிக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் நம்பிவிட்டால் பிறகு வாங்க வேண்டியதாகிவிடுமே.

அம்மை இல்லாத படகுக்கு மேல்தளம் ஊறியிருக்கும். தளத்தின் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துக் கட்டுவார்கள். ஏதோ ஒரு திருகு வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது கூழாகிவிடும். பிளாஸ்டிக் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிப் பார்ப்பதுதான் சோதனை. நல்ல இடம் கணீரென்று பேசும், ஊறிய இடம் தொப்பென்று முனகும். தளம் தேறினால் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் வயதைக் கேட்பார். கம்பி புதுசு என்றால் அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகளை. பட்டையும் புதுசு என்றால், ‘இத்தனையும் புதுசாக மாற்றிவிட்டு ஏன் விற்கிறான்?’ என்று சந்தேகப்படுவார். இந்தக் கடைசிக் கேள்விக்கு உலகில் எந்தப் படகும் பதில் சொல்ல முடியாது.

சாமிக்குக் குரு இருவர். ஒருவர் ஆசிரமத்தில் படமாக இருக்கிறார். இன்னொருவர் பெர்னார் மொய்தெசியே. ஹனோயில் பிறந்து இந்தோசீனாவில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர். 1968இல் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை கோல்டன் குளோப் என்று ஒரு போட்டி வைத்தது: தனி ஆள், எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகத்தை ஒரு சுற்று. ஒன்பது பேர் கிளம்பினார்கள். மொய்தெசியே படகிலேயே யோகாசனம் போட்டுக்கொண்டு, கேப் ஹார்னையும் தாண்டி, அதிவேகத்துக்கான 5,000 பவுன் பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஐரோப்பாவுக்குத் திரும்ப மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தார். 1969 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தென்முனை அருகே எதிர்ப்பட்ட கப்பலுக்கு உண்டிவில்லால் ஒரு கடிதத்தை எறிந்தார்: கடலில் சந்தோஷமாக இருக்கிறேன், ஆன்மாவையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்பது சாரம். நேராக டாஹிட்டி. இந்த இடத்தைச் சொல்லும்போது சாமிக்குக் கண் கலங்கும். மாஸ்டருக்கும் கலங்கும்; அவர் கவலை 5,000 பவுனைப் பற்றியது.

குருவின் படகு எப்படிப்பட்டது என்பதைச் சாமி மெல்லிய குரலில்தான் சொல்வார். ‘ஜோஷுவா’ என்ற அந்த இரும்புப் படகைக் கட்டியது ஒரு பாய்லர் பட்டறை. பாய்மரங்கள் தந்திக் கம்பங்கள். இதற்கு முன்னால் இரண்டு படகுகளைக் கரையில் மோதித் தொலைத்தவர், மூன்றாவதற்கு அவ்வளவுதான் பார்த்தார்.

“கம்பமா?” என்று எழுந்துவிட்டார் ஆட்டோக்காரர். “ஈபி ஆபீஸ்ல நம்ம மச்சான் இருக்கான் சாமி. பழசு ரெண்டு கேட்டா குடுத்துடுவாங்க.”

சாமி சிரித்து மழுப்பினார். குரு செய்ததைச் சீடன் செய்யக்கூடாது என்பது எல்லா மடத்துக்கும் பொதுவான விதிபோலிருக்கிறது.

அந்தப் போட்டியை முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள். அவர் பெயரை எடுத்தால் சாமி முகம் சுளிப்பார், ரசனை இல்லாத ஆள் என்று. காரணம் எனக்குப் புரிகிறது. அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு, தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கியது. அதைவிடக் கொடுமை, அவர் கேட்டனுப்பிய வரைபடம் வேறு, தபாலில் வந்த வரைபடம் வேறு. வந்தது பழைய காலத்து நீளக் கீல் படகு. சரி, இதையே கட்டுவோம் என்று கட்டிவிட்டார். தேர்ந்தெடுக்கவே இல்லாத படகில் ஒருவர் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டார் என்பதை ஒரு தேர்வாளர் எப்படித்தான் ஜீரணிப்பார்?

நானும் என் பங்குக்கு ஒரு கதை சொன்னேன். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றிப் பெயர் வாங்கியவர். அவர் இலங்கையில் ஒரு பழைய கப்பலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார். வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய ‘அன்னபூரணி’. மனைவி பெயரை அதற்கு வைத்து, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைப் பாய் விரித்தே ஓட்டிக்கொண்டுபோய், 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். தமிழன் கட்டிய பழைய கப்பல் ஒன்று அட்லாண்டிக்கைத் தாண்டிய கதை. சொல்லும்போது எனக்கே மார்பு கொஞ்சம் விரிந்தது.

சாமி கவனமாகக் கேட்டார். “சர்வே ரிப்போர்ட் இருந்ததா?” என்றார்.

தீபத் திருவிழாவை ஒட்டி இங்கே மாட்டுச் சந்தை கூடும். சீடர் அவரை அங்கே கூட்டிப் போனார், பழைய சரக்கு வாங்குவது எப்படி என்று பார்க்கட்டும் என்று. ஒரு தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், சுழியைத் தடவினார், நாலு தப்படி நடக்கவிட்டார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரல் பிடித்துப் பேசின. மாடு கைமாறிவிட்டது. மொத்தமும் ஒரு டீ ஆறுவதற்குள். சாமி திகைத்துப்போனார். இந்த மாட்டிடம் குறையே இல்லையா என்று கேட்கச் சொன்னார். தரகர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குறை இல்லாத மாட்டை எவன் சாமி சந்தைக்கு ஓட்டிக்கினு வருவான்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மகாதீபத்துக்கு அடுத்து மூன்று நாள் அய்யங்குளத்தில் தெப்பல் உற்சவம். திருவண்ணாமலையில் மிதப்பது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. கீல் இல்லை, சுக்கான் இல்லை, பாய் இல்லை. கயிறு கட்டி இழுத்தால் சுற்றி வரும். கூட்டத்தோடு கூட்டமாகச் சாமியும் படிக்கட்டில் நின்று கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள், தெப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்றார். அங்கே நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியூர்க்காரரைப் பார்த்துச் சிரிக்கிறோமே தவிர, இந்த ஜாதி நம்மிடமும் ஏராளம். கிரிவலப் பாதையில் மனை பார்க்கிற ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் கேளுங்கள். மலை தெரிய வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், பௌர்ணமிக் கூட்டம் மட்டும் வரக்கூடாது. பத்து வருஷமாகப் பார்க்கிறார்கள். விலை ஏற ஏற, அன்றைக்கே வாங்காதது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று கணக்குச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு தனி இன்பம். சாமி அவர்களைவிட ஒரு படி மேல். அவர் முகத்தில் நஷ்டத்தின் சாயலே இருக்காது. ஒரு படகைக் கழித்த மாலையில்தான் மிகவும் தெளிவாக இருப்பார். டீ இன்னொன்று சொல்வார். வாங்கியவன் இந்நேரம் எங்கோ ஒரு துறைமுகத்தில் எண்ணெய்க் கையோடு இன்ஜினுக்குக் கீழே படுத்துக் கிடப்பான். இவர் கைபேசியில் இருக்கும் படகு ஒழுகாது, துருப்பிடிக்காது, துறைமுக வாடகை கேட்காது. அதில் ஏறி அவர் கேப் ஹார்னை எத்தனை முறை சுற்றியிருப்பார் என்பது அண்ணாமலையாருக்குத்தான் தெரியும்.

எங்கள் கவலை இப்போது ஆட்டோக்காரரைப் பற்றி. போன தீபத்துக்கு முன்னால் தன் பழைய வண்டியை விற்றார், இரண்டாம் கையில் கொஞ்சம் நல்லதாக ஒன்று வாங்க. வேலூரில் ஒன்று, போளூரில் ஒன்று, விழுப்புரத்தில் இரண்டு என்று பார்த்தார். எல்லாவற்றையும் ஸ்பூனால் தட்டிப் பார்த்தாராம். ஒன்றில் சத்தம் சரியில்லை. ஒன்றில் அடித்தகட்டில் அம்மை. விழுப்புரத்து வண்டியில் பழுதே இல்லை, “அப்புறம் ஏன் விக்கறான்?” என்று திரும்பி வந்துவிட்டார். பேருந்தில்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். சாமியை ஒன்றும் சொல்லவில்லை. சாமியார்களைத் திட்டக்கூடாது என்பதில் எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டிப்பானவர்கள். மாஸ்டரிடம்தான் பேசினார்.

“அண்ணா, இனிமே இந்தாளுக்கு அந்த பெஞ்சுல இடம் குடுக்காத. டீயும் குடுக்காத.”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “சரிம்மா, நாளன்னிலேர்ந்து குடுக்கல. நாளைக்கு மட்டும் விட்டுடு. செகண்ட் ஹேண்டுல ஒரு செம்பு பாய்லர் வந்திருக்காம். உம் புருஷனைத்தான் தட்டிப் பாக்கக் கூட்டிக்கினு போலாம்னு இருக்கேன்.”