வாங்கச் சொன்னவர்கள், வசூலிக்கிறார்கள்

லண்டனில் என் சமையலறை மேடையில் உள்ளங்கை அளவுத் திரை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஸ்மார்ட் மீட்டரோடு வந்தது. இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றினால் பச்சை விளக்கு மஞ்சளாகும். பின்புறம் ஹீட் பம்ப் உறும ஆரம்பித்தால் சிவப்பு. நம் செலவைப் பார்த்து நாமே நடுங்குவதற்கு இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அமைச்சர்களின் செலவுக்குச் சிவப்பு விளக்குப் போடும் திரை இன்னும் வரவில்லை.

ஹீட் பம்ப்மேல் எனக்கு வருத்தமில்லை. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரியான சாமான். பனிக்காற்றில் ஒட்டிக்கிடக்கும் சூட்டையும் சுரண்டி வீட்டுக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்ட் தின்றால் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும். வாங்கியதை மும்மடங்காகத் திருப்பித் தரும் எதையும் இந்த நாட்டு அரசியலில் நான் கண்டதில்லை.

"கேஸ் பாய்லரைக் கழற்று, 7,500 பவுண்டு தருகிறோம்" என்றது அரசு. கழற்றினோம். இனி பில்லைப் பாருங்கள். 2025 ஜூலையில் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் வைத்த சராசரி விலை உச்சவரம்பு, கரண்ட் யூனிட்டுக்கு 25.73 பென்ஸ், கேஸ் 6.33. மூன்றால் வகுத்தாலும் அன்று என் வீட்டுச் சூடு யூனிட் எட்டரை பென்ஸைத் தாண்டியது. பக்கத்து வீட்டு பாய்லர் பத்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியில் விட்டும், அவருக்கு ஏழு பென்ஸ்தான். புகை விடுகிறவருக்குத் தள்ளுபடி, விடாதவனுக்குத் தண்டம். இதற்குப் பெயர் பருவநிலைக் கொள்கை.

பசுமைத் திட்டங்களுக்கான வசூலில் பெரும்பங்கைக் கரண்ட் பில்லின் தலையில் கட்டியதில் வந்த வினை இது. கேஸைத் தொட்டும் தொடாமலும் விட்டார்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அந்தச் சுமையில் ஒரு பகுதியை மூன்றாண்டுக்கு கஜானா ஏற்கும் என்றார்கள். கைதட்டல். கஜானாவுக்குப் பணம் எந்த மரத்தில் காய்க்கிறதாம்?

கரண்டின் மொத்த விற்பனைச் சந்தை இன்னொரு கூத்து. ஒவ்வோர் அரைமணி நேரத்துக்கும் கடைசியாகத் தேவைப்படும் மின்நிலையம் எதுவோ, அதன் விலைதான் எல்லோருக்கும். பெரும்பாலும் அது கேஸ் நிலையம். ஓட்டலில் பத்துப் பேர் இட்லி சாப்பிடுகிறோம். பதினோராவது ஆள் மட்டன் பிரியாணி கேட்கிறார். இட்லிக்கும் பிரியாணி விலை போட்டு பில் வருகிறது. கேட்டால், "சந்தை அப்படித்தான் சார்." 

ஸ்காட்லாந்தில் காற்று அடித்து நொறுக்குகிறது. அந்தக் கரண்டைத் தெற்கே கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை. ஆகவே காற்றாலைக்காரருக்கு, சுற்றாமல் இருப்பதற்குக் காசு. அதே நேரம் தெற்கே கேஸ் நிலையத்துக்கு, எரிப்பதற்குக் காசு. இரண்டு காசும் நம் காசு. சும்மா இருப்பதற்குக் காசு நாடாளுமன்ற மேலவையில்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். காற்று அடிக்கும் ஊருக்காவது மலிவு விலை வைக்கலாமே என்று சிலர் மண்டல விலை கேட்டார்கள். 2025 ஜூலையில் அதையும் மூட்டை கட்டினார்கள்.

2028க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்று 2020இல் முழங்கினார் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன். 2024இல் விற்றது ஒரு லட்சத்தைத் தொடவில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்கிறார்கள். விழித்திருப்பதால்தான் ஐயா வாங்கவில்லை!

கரண்ட் பில் என்றதும், அன்றைய எம்.பி. நாதிம் ஸஹாவியை நினைவிருக்கிறதா? தன் குதிரை லாயத்தின் கரண்டுக் காசையும் எம்.பி. செலவுக் கணக்கில் எழுதியிருந்தது 2013இல் வெளிவந்தது. கவனக்குறைவு என்றார். மன்னிப்புக் கேட்டார், திருப்பிக் கட்டினார். அந்தக் கவனத்துக்கு 2022இல் நிதியமைச்சர் பதவி கிடைத்தது. நாம் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்தி பார்த்தோம்.

சரி, கரண்டே வேண்டாம் என்று முடிவெடுங்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நூறு நாள் ஊருக்குப் போய் வாருங்கள். அந்த 2025 ஜூலை விகிதப்படி நிலைக்கட்டணம் நாளொன்றுக்குச் சராசரி 51 பென்ஸ். ஒரு யூனிட்கூட எரியாத வீட்டுக்கு 51 பவுண்டு பில் வாசலில் கிடக்கும்.