இடித்தவர் வீதி

மதுரைக்காரருக்குப் பழம்பெருமை பேச நாள் போதாது. திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாதரே பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைக் கவனித்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு வீதி கிடைத்தது. கோட்டையைக் கட்டிய கொத்தனாருக்கு ஒரு சந்துகூட இல்லை. ஆகவே, மகால் தூணில் அம்புவிட்ட இதயம் கீறும் காதலரைத் திட்டாதீர்கள். ஊர் வழக்கப்படி அவர்களும் வரலாற்றில் இடம் பிடிக்கிறார்கள்.

'தூங்கா நகரம்' என்ற பட்டம் வேறு. கூம்பு ஒலிபெருக்கி விட்டால்தானே தூங்க!

சித்திரையில் அழகர் வைகையில் இறங்க, அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நாட்களில் சாக்கடை தானாகவே இறங்குகிறது. அதற்கு எதிர்சேவை மட்டும்தான் பாக்கி.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இடம் கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் தொகைக்கு முன்பே, "தம்பி, நீங்க என்ன ஆளுக?" என்பார். கோயில் திறந்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது; மாடிப் போர்ஷன் பிரவேசத்துக்கு இன்னும் யாரும் தேதி குறிக்கவில்லை.