நம்ம பக்கம் க்ளீன்

கத்திரி வெயிலில் தரமணி ரோடு உருகிக்கொண்டிருக்கும்போது, ஸ்வெட்டரோடு டீக்கடையில் நிற்கும் ஆளைப் பார்த்தால் காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கம்பெனியின் ஃபயர்வால்காரர் அவர். சர்வர் ரூம் ஏ.சி.யிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார். டீ முடிவதற்குள் அவரைப் பிடித்துவிட வேண்டும். உள்ளே போய்விட்டால் டிக்கெட் போடச் சொல்லிவிடுவார்.

"சார், ஒரு சின்ன..." என்று நாம் ஆரம்பிப்போம்.

"நம்ம பக்கம் க்ளீன், தம்பி."

விஷயத்தை இன்னும் சொல்லவே இல்லையே என்றால், சொன்ன பிறகும் அதே பதில்தான், எதற்கு வீணாக என்பது போல் பார்ப்பார்.

அவரிடம் இருக்கும் ஒரே மருத்துவப் பரிசோதனை பிங். "பிங் போகுதா?" "போகுது சார்." "அப்புறம் என்ன? ரோடு இருக்கு, வண்டி போகுது. உங்க அப்ளிகேஷனைப் பாருங்க." ரோடு இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் பிங் வேறு, நம் வேலை வேறு. தெருமுனையில் நின்று "மாமா!" என்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து "ஓய்!" என்று குரல் வரும். அதனால் 5432ஆம் நம்பர் கதவு நமக்குத் திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது.

அந்த 5432தான் என் வழக்கு. புதிதாக வாங்கிய சர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் போக வேண்டும். போகவில்லை. டெல்நெட் போட்டுப் பார்த்தேன். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு 'டைம்டு அவுட்' என்று வந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய துப்பு. டேட்டாபேஸ் ஓடாமல் கிடந்திருந்தால், அந்த மெஷினே 'ரெஃப்யூஸ்டு' என்று முகத்தில் அடித்தாற்போல் அனுப்பியிருக்கும். வீட்டில் ஆள் இருந்து "இல்லை, போ" என்று விரட்டுவது அது. பதிலே வராமல் போவது வழியில் யாரோ தபாலைக் கிழித்துப் போடுவது. கிழிப்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"லாக்ல எதுவும் வரல தம்பி. பிளாக் பண்ணியிருந்தா லாக்ல வந்திருக்கும்ல?"

உடனிருந்தே பார்த்தேன். லாகில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. மறிக்கும் ரூலில் லாக் எழுதும் டிக்கை அவரே எடுத்துவிட்டிருந்தார். ஒரு சமயம் டிஸ்க் நிறைந்துவிட்டதாம். டைரி எழுதுவதை நிறுத்திவிட்டு, டைரியில் ஒன்றுமே இல்லை பார் என்று காட்டுகிற மனுஷரோடு எப்படி வாதாடுவது?

இந்த ஜாதி ஆட்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டீவன் பெல்லோவின் ஞாபகத்துக்கு வருவார். ஃபயர்வால் பற்றிப் புத்தகமே எழுதிய அமெரிக்க நிபுணர். 2003 ஏப்ரல் 1ஆம் தேதி ஆர்.எஃப்.சி. 3514 என்று ஓர் ஆவணம் வெளியிட்டார். கெட்ட எண்ணத்தோடு வரும் பாக்கெட்டெல்லாம் தன் தலைப்பில் ஒரு பிட்டை 1 என்று வைத்துக்கொண்டு வர வேண்டும், ஃபயர்வால் அதைப் பார்த்துத் தூக்கி எறிந்துவிடலாம் என்பதுதான் சாரம். முட்டாள்கள் தினத்து வேடிக்கை. நம்மவர் மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அப்ளிகேஷன் டீமிலிருந்து வரும் எல்லாவற்றிலும் அந்த பிட் 1தான் என்பது அவர் முடிவு.

போன வருஷம் நடந்த 'லஞ்ச்' விவகாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர் காலையில் குதிரை மாதிரி ஓடும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து முதல் பட்டனைத் தட்டினால் கல்லுப் பிள்ளையார். கால் மணி நேரம் கழித்து எர்ரர் வரும், அதன்பின் மறுபடி குதிரை. தினமும் இதே கதை. "சாப்பிட்டா எல்லாருக்கும் மந்தம்தானே தம்பி" என்றார்.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒன்றே கால் மணி நேரம் யாரும் எதையும் தட்டாததால், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் சும்மா கிடந்திருக்கிறது. எங்கள் ஃபயர்வால் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை நோட்டிலிருந்து அடித்துவிடும். யாருக்கும் சொல்லாது. லினக்ஸோ, வழக்கமான அமைப்பில் 7200 நொடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான் "ஹலோ, இருக்கீங்களா?" என்று எதிராளியைக் கேட்கும். அதுவும் புரோகிராம் கேட்கச் சொல்லியிருந்தால்தான். ஆக, இரு முனையிலும் உறவு நீடிப்பதாக நினைப்பு. நடுவில் இருக்கிறவர் கல்யாணத்தையே ரத்து செய்துவிட்டார். இரண்டு மணி சுமாருக்கு நாம் அனுப்பும் கேள்வியை, "யாருய்யா நீ?" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். அந்த 7200ஐ 600 ஆக்கினோம். மந்தம் போயிற்று. "நான்தான் அப்பவே சொன்னேனே, உங்க பக்கம்தான்னு" என்றார்.

சரி, 5432க்கு வருவோம். ஒருநாள் சாயங்காலம், இரண்டு டீயும் ஒரு வாழைக்காய் பஜ்ஜியும் ஆன பிறகு, ரூல் பட்டியலைத் திறந்து காட்டினார். முந்நூறுக்கு மேல் இருக்கும். பல ரூல்களுக்கு எழுதியவர் பெயர் இருக்கிறது, ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒன்றின் பெயர் 'டெம்ப் 2 நாள்'. போட்ட தேதி 2017. "எடுத்துடலாமே சார்?" என்றேன். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "எடுத்தா எது நிக்கும்னு யாருக்குத் தெரியும் தம்பி?" நியாயமாகச் சொன்னால், நானும் கைவைக்க மாட்டேன்.

எங்கள் ரூல் இருந்தது. அனுமதி என்று பச்சையாகவே எழுதியிருந்தது. 212ஆம் இடம். "பாருங்க, ஓப்பன் பண்ணித்தான் வச்சிருக்கேன்." பக்கத்தில் ஹிட் கவுண்ட் என்ற கட்டத்தில் பூஜ்யம். நான் மெதுவாக மேலே ஸ்க்ரோல் செய்தேன். 64ஆம் இடத்தில், புது சர்வர்கள் இருக்கும் அந்த நெட்வொர்க் முழுவதற்கும் டேட்டாபேஸ் பக்கம் தடை என்று சிவப்பில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஃபயர்வால் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் தீர்ப்பு, அதற்குக் கீழே பார்க்காது. கல்யாண மண்டபத்து கேட்டில் ஒருவர் "இடமில்லை, போங்க" என்று அனுப்பிவிடுகிறார். உள்ளே சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக இன்னொருவர் நம்மை வரவேற்கக் காத்துக்கொண்டே இருக்கிறார். அவர்தான் 212.

விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "டிக்கெட் நம்பர் என்ன?" என்றார்.

மறுநாள் பத்தரை மணிக்கு போன். "இப்ப செக் பண்ணுங்க."

போயிற்று. "என்ன சார் பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலயே. நீங்க ரீஸ்டார்ட் ஏதாவது பண்ணியிருப்பீங்க."

பதினோரு மணிக்கு டிக்கெட் மூடப்பட்டதாக மெயில் வந்தது. காரணம் என்ற இடத்தில், "நெட்வொர்க்கில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை, அப்ளிகேஷன் தரப்பில் சரியாகிவிட்டது" என்று இருந்தது.

மதியம் அவர் டீக்குப் போயிருந்த நேரத்தில், திறந்தபடி கிடந்த ஸ்க்ரீனை ஒரு பார்வை பார்த்தேன். எங்கள் ரூல் 63ஆம் இடத்தில் இருந்தது.