கொடி புடிக்கிறவன் பின்னால போறவனுக்கு

ஏன்டா பேராண்டி, இத்தாலிக்குப் போறியாமே! ஒங்க ஆத்தா லயம் பூரா சொல்லி முடிச்சு, இப்ப சேதி இஸ்டோர் கிளாக்கரு வரைக்கும் போயிருச்சு. ரோமாபுரி, பாப்பரசர் கோயில்னு போனாலும் ஒரு நியாயம் இருக்கு. நீ போறது நாட்டுப்புறமாம். தோஸ்கானாங்குற சீமையில மேடும் பள்ளமுமாத் திராட்சத் தோட்டம், ஒலிவ் தோட்டம், நடுவுல பழைய கல்லு வீடு. அங்க தங்கி வேடிக்க பாக்குறதுக்கு லட்சக்கணக்குல கட்டியிருக்கியாம். எஹெலியகொடையிலருந்து இறக்குவானை வரைக்கும் மேடு, பள்ளம், தோட்டம் தவுர வேற என்னத்தடா பாத்து வளந்த? சரி, கொழும்புல கம்ப்யூட்டரத் தட்டி நீ சம்பாதிச்ச காசு. நான் வேணாங்கல. ஆனா ஒருத்தன் கொடி புடிச்சு முன்னால போக, கூட்டமா அவன் பின்னால போறதுன்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த வித்தையில நம்மள மிஞ்சுன சாதி இந்தத் தீவுலயே கெடையாதுடா.

ஒன் பாட்டனுக்குப் பாட்டன் எப்பிடி இங்க வந்தாருன்னு நெனைக்கிற? அவரும் குரூப் டூருதான். ஆள் புடிக்கக் கங்காணி ஊருக்கு வந்தான்; கோட்டு, தலப்பா, காதுல கடுக்கன். தேயிலத் தூரத் தோண்டுனா தேங்காயும் மாசியும் கெடைக்கும்னு சொன்னான். ஒனக்கு வழவழன்னு கலர்ல அடிச்ச நோட்டீசு. அவருக்கு வாயாலயே அடிச்ச நோட்டீசு. வழிச்செலவெல்லாம் கங்காணியே போடுவான்னதும் மனுசன் சந்தோசமாக் கெளம்பிட்டாரு. மண்டபம் கேம்ப்ல அடைச்சு வெச்சு அம்மைக்கு ஊசி குத்துனாங்க. தோட்டத்து நம்பர் அடிச்ச தகரத்தக் கழுத்துல மாட்டி விட்டாங்க. நீயும் ஏர்போட்டுல கம்பெனி பேர் போட்ட கார்டக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டு நிக்கத்தான போற. அப்ப ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு, பாட்டன் ஜாடை தெரியுதான்னு பாப்போம்.

வந்து எறங்குனப்புறம்தான் அவருக்கு வெளங்குச்சு, வழிச்செலவு இனாம் இல்ல, கடன்னு. அந்தக் கடன எழுதுன துண்டு இல்லாம இன்னொரு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921ல சட்டம் போட்டுத்தான் துண்ட ஒழிச்சாங்க. கங்காணிக்கு மட்டும் ஒரு நட்டமும் இல்ல. அவன் ஆளு வேலைக்கு எறங்குன நாளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு தலைக்காசு வந்துக்கிட்டே இருந்துச்சு.

நானும் ரப்பர் மலையில சில்லறக் கங்காணியா இருந்தவன்தான். அந்த உரிமையில சொல்லுறேன், கேட்டுக்க. கூட்டத்த நடத்துறவன் எவ்வளவு அழகா இங்கிலீசு பேசுறான்னு பாக்காத. அவனுக்குக் காசு எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு பாரு.

நம்பலன்னா கண்டி ரோட்டுல மாவனல்லைப் பக்கம் ஒரு பொழுது நின்னு பாரு. பின்னவலைக்கு ஆனை பாக்கப் போற பஸ்சு, அங்க ஒரு வாசனைத் தோட்டத்துக்குள்ள வெடுக்குனு திரும்பும். வெள்ளக்காரங்க எறங்குவாங்க. ஒருத்தன் ஏலச் செடியக் காட்டுவான், கறுவாப்பட்டைய ஒடிச்சு மோந்து பாக்கக் குடுப்பான், ஒரு கெழவி முழங்கால்ல எண்ணெயத் தேய்ச்சு "இப்ப வலி எப்பிடி?"ன்னு கேப்பான். அந்தக் கெழவி பாவம், இல்லாத வலி போயிருச்சுன்னு சொல்லுவா. பொறவு கடை. சின்னக் குப்பியில எண்ணெய், அதுக்கு ஒரு வெல. நம்ம வீட்டுல அந்த வெலைக்கு ஒரு மாசத்து சீனியும் மாவும் வாங்கலாம். நீ குப்பியப் பாக்காத, பின்பக்கம் போய்ப் பாரு. டிரைவருக்கும் கைடுக்கும் தனி மேசையில சோறு, கோழிக் கறி. எவனும் அவங்ககிட்ட பில்லு நீட்ட மாட்டான். இரத்தினபுரி டவுன்ல மாணிக்கக் கல்லு விக்கிற கடையிலயும் இதே கததான். எல்லாருமே அப்பிடின்னு நான் சொல்லல. ஆனா பஸ்சு சும்மா திரும்பாதுடா.

அங்கயும் திரும்பும். ஒயின் கிடங்குல திரும்பும், ஒலிவ் எண்ணெய்க் கடையில திரும்பும், புளோரன்ஸ்ல தோல் பை கடையில கண்டிப்பாத் திரும்பும். திரும்பட்டும். ஊத்துறதக் குடி, "ஆகா"ன்னு சொல்லு, குடுக்குற ரொட்டித் துண்டத் தின்னு, பர்ஸ மட்டும் கால்சட்டப் பையிலயே தூங்க விடு. எண்ணெய் வேணும்னா அந்த ஊருச் சனங்க வாங்குற கடையில போய் வாங்கிக்க. இன்னொண்ணு, அங்க காப்பிக் கடையில நின்னு குடிச்சா ஒரு வெல, உக்காந்து குடிச்சா வேற வெலயாம். நாம மரத்துக்கு மரம் ஓடிக்கிட்டே சாயத்தண்ணி குடிச்ச பரம்பரை. நீ நின்னே குடி.

தனியாப் போறேன்னியே, அதுக்குத் தனி அபராதம் கட்டுனியா இல்லியா? ரெண்டு பேர் படுக்குற அறையில ஒருத்தன் படுத்தா, படுக்காத ஆளுக்கும் சேத்துக் காசு புடுங்குவான். ஒங்க அத்த மக சங்கதிய நான் மூணு தீவாளியாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்பவே தலையாட்டியிருந்தா அந்தக் கட்டில் சும்மா கெடக்குமா? எனக்கென்ன, வெறுங் கட்டிலுக்கு வாடக கட்டுறது நீ.

விசாவுக்கு அலைஞ்ச கதைய ஒன் அப்பன் சொன்னான். 90 யூரோ கட்டுனாத்தான் காயிதத்தையே கையில வாங்குவானாம். இல்லைன்னு சொன்னாலும் அந்தக் காசு திரும்பாதாம். 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ், பேங்குப் பொஸ்தகம், வேலை பாக்குற எடத்துக் கடுதாசி. இதெல்லாம் எதுக்கு? போனவன் திரும்பி வருவானான்னு தெரிஞ்சுக்க. எனக்கு அதுதான்டா அதிசயமா இருக்கு. நம்ம ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புனப்ப ஒருத்தனும் அதக் கேக்கல. 1964 அக்டோபர் 30ஆந் தேதி டில்லியில ஸ்ரீமாவோ அம்மாவும் சாஸ்திரியும் உக்காந்து, 9,75,000 பேரப் பங்கு போட்டாங்க: 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்க, மிச்சம் ஒண்ணரை லட்சத்தப் பொறவு பாத்துக்கலாம்னு. சாமானக் கட்டிக்கிட்டுத் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு சனங்க ஒப்பாரிக் கோச்சின்னு பேரு வெச்சாங்க. எங்க அண்ணன் அதுல போனவரு. ஒரு வழி டிக்கெட்டுதான். கூட்டமாத்தான் போனாங்க, ஆளுக்கு ஒரு காயிதத்தோட.

பெலிஹுல்ஓயா கம்பஸ்ல படிக்கிற ஒன் சித்தப்பன் மக, நீ போற ஊரப் பத்திப் போன்ல எனக்கு வாசிச்சுக் காட்டுனா. கேக்கக் கேக்க எனக்குக் கூத்தா இருந்துச்சு. நீ தங்கப் போற கல்லு வீடு யாரு வீடுன்னு நெனைக்கிற? ஜமீந்தார் வீடில்லடா. வாரத்துக்குப் பயிர் செஞ்ச குடியானவன் வீடு. வெளைஞ்சதுல பாதி நெலக்காரனுக்கு, பாதி இவனுக்கு. கீழ மாட்டுக் கொட்டில், மேல குடும்பம். நூத்துக்கணக்கான வருசமா இதே கதி. ரெண்டாவது ஒலகச் சண்டைக்கப்புறம் பொறுக்க முடியாமக் குடும்பம் குடும்பமா டவுன்ல இருக்குற பேக்டரிக்குப் போயிட்டாங்க. இனிமேப் புதுசா அந்த வார ஒப்பந்தமே எழுதக்கூடாதுன்னு சட்டம் வந்த வருசம் எதுன்னு நெனைக்கிற? அதே 1964. வீடுங்க கேட்பாரில்லாமக் கெடந்துச்சு. இங்கிலீசுக்காரனும் ஜெர்மன்காரனும் வாங்கிப் பூச ஆரம்பிச்சான். 1985ல தோட்டத்துக்காரனே வீட்டுல விருந்தாளியத் தங்க வெச்சுச் சம்பாதிக்கலாம்னு கவர்மெண்டு தனிச் சட்டமே போட்டுருச்சு. ஆக, நீ காலச் சாப்பாட்டுக்குத் துண்டு விரிச்ச மேசையில உக்காருற எடம் ஒரு காலத்துல மாட்டுக் கொட்டில். மோந்து பாக்காத, வாசம் போயிருக்கும்.

இங்க துரை பங்களாவுலதான் வெள்ளக்காரன் தங்குறான். நம்ம பத்துக்குப் பன்னெண்டடிக் காம்பராவ எவனும் பூசி வெல பேச வரல. ஆனா இல்லாத ஒண்ணப் பாக்க வருவாங்க. கித்துல்கலைக்கு வர்ற சனங்களப் பாத்திருக்கேன், களனி கங்கையில பாலம் இல்லாத எடத்தப் போட்டோ புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. 1957ல வந்த வெள்ளக்காரப் படத்துக்காக அங்க ஒரு பாலத்தக் கட்டி, அவங்களே வெடி வெச்சு ஒடைச்சாங்க. கத நடந்ததா சொல்ற ஊரு சயாம், படம் புடிச்சது கேகாலை மாவட்டம், பாக்குறதுக்கு மிஞ்சுனது தண்ணி. அதுக்கே பஸ்சு கணக்கா வர்றாங்கன்னா, பாலத்த ஒடைக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாரு.

கூட்டிப் போற ஆளுங்களையே ஒட்டுமொத்தமாத் திட்டுறேன்னு நெனைக்காத. பலாபத்தலைப் பக்கமா சிவனொளிபாதமலை ஏறுற சிங்களச் சனங்களப் பாத்திருக்கியா? அவங்க கூட்டத்துக்கு ஒரு பெரியவரு முன்னால போவாரு, நடே குரான்னு சொல்லுவாங்க. பல வருசம் ஏறி எறங்குன மனுசன். எங்க குளிக்கணும், எங்க ஊசியில நூலக் கோத்துக் கட்டணும், முத வாட்டி ஏறுறவன் எத எதச் சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லித் தருவாரு. இன்னும் எவ்வளவு தூரம்னு கேக்கவே கூடாது. மேல போய் மணி அடிக்கிறப்ப எத்தன தடவ ஏறுனியோ அத்தன அடி. நானும் அவங்களோட சேந்து போயிருக்கேன். நடு ராத்திரி, பனி, கால் ரெண்டும் கெஞ்சுது. ஒரு கெழவி படிக்கட்டுல உக்காந்துட்டா. பெரியவரு மொத்தக் கூட்டத்தையும் நிறுத்திட்டு, வெத்தலையப் பிரிச்சு மடிச்சு, சாவகாசமாப் போட்டாரு. ஒருத்தனும் வாயத் தொறக்கல. கெழவி எந்திரிச்சப்புறம்தான் அவரும் எந்திரிச்சாரு. கமிசன் கெடையாது, தலைக்காசு கெடையாது. ஒன் கொடிக்காரன் கடைசி ஆளுக்காக நிக்கிறானான்னு பாரு. நின்னான்னா எறங்குற அன்னைக்கு நல்லாக் குடு. நிக்கலன்னா, அவன் கைய நீட்டுற நேரம் நீயும் நிக்காத, நேரா நட.

அட்டவணையில "ஓய்வு"ன்னு ஒரு காலப் பொழுது எப்பிடியும் போட்டிருப்பான். அன்னைக்கு சாப்பாடு போட மாட்டான்னுதான் அதுக்கு அர்த்தம். எல்லாரும் தூங்கட்டும், நீ விடியக்காலம் எந்திரிச்சுத் தோட்டத்துப் பக்கம் நட. செத்தெம்பர்ல போறதால திராட்ச அறுவடை நடக்கும். பயலே, அங்க உள்ளூர்க்காரன் மட்டும் பறிக்கிறதில்ல. ஆப்பிரிக்காக்காரன், அல்பேனியாக்காரன், பஞ்சாபி எல்லாம் அந்த நாட்டுத் தோட்டங்கள்ல வேல செய்யுறாங்களாம். அவங்களப் புடிச்சு, வேன்ல ஏத்தி, தோட்டத்துல எறக்கி, கூலியில ஒரு பங்க உருவிக்கிற தரகனும் அங்க இருக்கான். கப்பொராலேன்னு பேராம். பேரு என்னவா இருந்தாலும் ஆள எனக்கு நல்லாத் தெரியும். அந்த ஆட்டத்த அடக்க 2016ல கூடச் சட்டம் போட்டிருக்காங்க, நம்ம துண்டுக்கு 1921ல போட்ட மாதிரி. இன்னும் முழுசா அடங்கலையாம். அதே மலையில ஒன் கொடிக்காரன் ஒன்ன எட்டு மணிக்குப் பஸ்ல ஏத்துறதுக்கு முந்தி, இன்னொருத்தன் வேற கூட்டத்த வேன்ல ஏத்தி எறக்கியிருப்பான். நீ முடிஞ்சா அந்த ரெண்டாவது கூட்டத்துல ஒருத்தன்கிட்டப் பேச்சுக் குடு. நாள் சம்பளம் எவ்வளவு, நெறை கொறஞ்சா அரைப் பேர் போடுறாங்களா, மழை வந்தா என்ன செய்யுறாங்கன்னு கேளு. இங்க 1,350 ரூபாய்க்கு எவ்வளவு இழுபறி நடந்துச்சுன்னு நீயும் சொல்லு. பாஷை தெரியாதேன்னு சாக்குச் சொல்லாத, பறிக்கிறவன் கைய விரிச்சுக் காட்டுனா வெளங்கிரும். பாத்துக்கிட்டே நிக்காம நீயும் ரெண்டு குலை பறி. காசு கட்டிப் பறிக்கிறதுக்கும் அங்க ஆளுங்க வர்றாங்களாம், ஒனக்கு ஓசி.

அந்தச் சேதிய வெச்சுத்தான் நான் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். ஒன் கூட்டத்துல இருக்குற இத்தாலிக்காரக் கைடுகிட்ட என் சார்பாச் சொல்லு. நாங்களும் ஒரு குரூப் டூரு ஆரம்பிக்கிறோம்னு. தங்குறது லயத்துல, மூணாவது காம்பரா காலியாத்தான் கெடக்கு; தகரத்துல மழை பெய்யுற சத்தத்துக்குத் தனிக் காசு இல்ல. விடியக்காலம் பெரட்டு, வராதவனுக்குப் பேர் இல்ல. பொறவு பால் வெட்டு: வரி புடிச்சு, பட்டைய மெல்லிசா உரிச்சு, சிரட்டையில சொட்டுச் சொட்டா வடியுறத நிதானமா வேடிக்க பாக்கலாம், ஆழமா வெட்டி மரத்தக் காயப்படுத்துனா சம்பளத்துல புடிப்போம், மன்னிக்கணும், பில்லுல சேப்போம். மத்தியானம் ரொட்டியும் கட்டச்சம்பலும், அவங்க பாஷையில என்ன பேரு வெக்கிறதுன்னு நீயே யோசி. அந்தி ஆனா தவறணைக்குப் போய் ருசி பாக்குறது, அதுக்குக் கைடு நான். தனியா வர்ற ஆளுக்கு அபராதம் கெடையாது, ஒரே காம்பராவுல ஆறு பேர் படுக்கிறதால தனின்னு ஒண்ணும் இருக்காது. அட்டைக் கடிக்கு எலுமிச்சங்காயும் சவுக்காரமும் பேக்கேஜுலயே சேத்தி. கொடி ஒண்ணு தைக்கச் சொல்லி ஒங்க ஆத்தாகிட்டக் குடுத்திருக்கேன், அவ பழைய கொழுந்துப் படங்குலதான் தைப்பேன்னு நிக்கிறா. தலைக்காசு எவ்வளவு கேக்கலாம்னு நீ போயிட்டு வந்து சொல்லு, கூடவே கேட்டாலும் பரவால்ல.