ஸ்டூவர்ட் ஹாலுக்கு 8.4

ஸ்டூவர்ட் ஹால் எங்கள் கல்லூரிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தார். 2014 பிப்ரவரியில் இறந்துபோனவர் எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள். கல்லூரிக்குத் தரம் போட நாக் கமிட்டி வருவதற்கு முந்தைய வாரத்தில் எங்கள் கோப்புகளில் இதைவிடப் பெரிய அற்புதங்கள் நடந்திருக்கின்றன. நடக்காத கருத்தரங்குக்கு வருகைப்பதிவேடே தயாரித்தவர்கள் நாங்கள்.

ஹால் ஜமைக்காவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1964-இல் ரிச்சர்ட் ஹொகார்ட் பர்மிங்காமில் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் சேர்ந்து, பிறகு பத்தாண்டுக்கு மேல் அதைத் தலைமையேற்று நடத்தினார். எங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையின் கேள்வித்தாளில் வருடம் தவறாமல் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்துபோகிறவர். அந்த உரிமையில்தான் பேராசிரியர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வர், துறைத்தலைவர், செயலாளரின் மைத்துனர். நான் ஓரமாக கேமராவோடு நின்றேன். விஸ்காம் வாத்தியார் என்றால் கல்லூரியின் சம்பளமில்லாத போட்டோகிராபர் என்று பொருள்.

"பிஎச்.டி. சர்டிஃபிகேட்?"

இல்லை. ஹென்றி ஜேம்ஸ் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய ஆய்வைப் பாதியில் விட்டவர். முதல்வர் 'டிஸ்கன்டின்யூட்' என்று எழுதிக்கொண்டார்.

"நெட் தேர்வு? செட்டாவது?"

இல்லை.

"படிச்சது?"

ஆங்கில இலக்கியம்.

"அப்போ ரெலவன்ட் சப்ஜெக்ட் இல்லையே. இணைத்தன்மைச் சான்று வாங்கிட்டு வந்தாரா? கடைசியா எங்க வேலை?"

1979 முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில்.

"கரஸ்பாண்டன்ஸா!" என்றார் மைத்துனர். அந்த ஒரு வார்த்தையில் ஒரு மனிதரின் பதினெட்டு வருட உழைப்பு குப்பைக்கூடைக்குப் போயிற்று.

சரி, ஆய்வுப் புள்ளியாவது தேறுமா என்று பார்த்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பேராசிரியராக 120 புள்ளி வேண்டும். ஹாலின் புகழ்பெற்ற கட்டுரை 1973-இல் வந்தது. தொலைக்காட்சி சொல்வதை ஜனங்கள் அப்படியே விழுங்குவதில்லை, ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று காட்டிய கட்டுரை. அது முதலில் வெளிவந்தது மையத்தின் ஸ்டென்சில் பிரதியாக. ஐ.எஸ்.எஸ்.என். எண் எங்கே? பூஜ்ஜியம்.

அடுத்து 1978-இல் வந்த 'போலீசிங் த கிரைசிஸ்'. வழிப்பறி பற்றிய பீதியைப் பத்திரிகையும் போலீசும் நீதிமன்றமும் சேர்ந்து கறுப்பின இளைஞர்கள் தலையில் கட்டிய கதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த புத்தகம். பன்னாட்டுப் பதிப்பகம், ஆகவே 12 புள்ளி. ஆனால் எழுதியவர்கள் ஐந்து பேர். முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. ஹாலுக்கு 8.4, கூட உழைத்த நால்வருக்கும் தலைக்கு 3.6.

"அஞ்சு பேர் சேர்ந்து எதுக்கு சார் ஒரு புக்கு?" துறைத்தலைவருக்கு உண்மையிலேயே வருத்தம். "ஆளுக்கொண்ணா எழுதியிருந்தா எல்லாருக்குமே பன்னெண்டு வந்திருக்குமே!"

கூடி யோசிப்பதையே முறையாக வைத்திருந்த ஒரு மையத்தின் மொத்தச் சாதனையையும் எங்கள் துறைத்தலைவர் இப்படி ஒரே வரியில் தவறு என்று நிரூபித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் புள்ளிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

எப்படி வந்தன? விலைப்பட்டியல் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை. தேசியக் கருத்தரங்கில் பேசினால் 3 புள்ளி. உள்நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மலேசியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒருவர் ஜூமில் பத்து நிமிடம் தலைகாட்டினால் போதும். பேனரில் 'தேசிய' அழிந்து 'பன்னாட்டு' ஏறிவிடும். வாசித்த கட்டுரைகளைச் 'சிறப்பிதழ்' என்று அச்சடிக்க ஒரு கடை இருக்கிறது. பணம் கட்டினால் இரண்டு நாளில் வரும். கட்டுரைக்கு 10 புள்ளி. இப்படிப்பட்ட கடைகள் மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலிலேயே உட்கார்ந்திருந்தன. 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே வீச்சில் தூக்கினார்கள். தூக்கினது இதழ்களைத்தான். அவற்றில் எழுதிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் நாற்காலியிலேயே இருக்கிறார்கள். அடுத்து 'கேர்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள், 2025-இல் அதையும் கைவிட்டார்கள். கடைக்காரர் மட்டும் கைவிடப்படவில்லை.

திருட்டுக்கும் படித்தரம் உண்டு. 2018-இன் இன்னொரு விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைத் திருத்தித் தரலாம். 60-ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. தமிழில் ஒருவர் எழுதியதைச் சுருட்டி ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டால் மென்பொருள் மோப்பம்கூடப் பிடிக்காது. அதே ஆளின் புத்தகத்தை நேர்மையாக மொழிபெயர்த்தால் 8 புள்ளிதான். எது லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுத் தலைப்புக்கும் பஞ்சமில்லை. 'இன்ன மாவட்டக் கல்லூரி மாணவர்களிடையே வாட்ஸ்அப் பயன்பாடு: ஓர் ஆய்வு.' தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. ஆக 38 முனைவர்கள். கூகுள் படிவத்தை நண்பர்கள் நிரப்பித் தருவார்கள். மாணவர்கள் வாட்ஸ்அப் பயன்படுத்துகிறார்கள் என்று முடிவு வரும். ஆராய்ச்சி வென்றது!

ஆராய வேறு பொருளே இல்லையா? சன் 1993, ஜெயா 1999, கலைஞர் 2007, கேப்டன் 2010. கட்சிக்கொரு சேனல் என்று வாழ்ந்த மாநிலம் இது. திரையிலிருந்து கோட்டைக்குப் பாதை போட்ட மண். ஊடகத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் படிக்க இதைவிட வளமான வயல் உலகில் எங்கே கிடைக்கும்? அதை உழுதவர்கள் யார் என்று பாருங்கள். நாடகமும் சினிமாவும் சுதந்திரப் போராட்டத்தைச் சுமந்த வரலாற்றை 1981-இல் எழுதிய தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. தமிழ்த் திரையை அரசியல் தொடர்புச் சாதனமாகப் படித்த கா. சிவத்தம்பி இலங்கைத் தமிழறிஞர். 1992-இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைத் தோலுரித்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளியல் படித்தவர். தபால்காரர்களும் தமிழ்ப் பண்டிதர்களும் எங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் 1948-இல் ஷானன் என்ற தொலைபேசிக் கம்பெனிக்காரர் போட்ட தகவல்தொடர்புப் படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தோம். அம்புக்குறி சரியாகப் போடாதவனுக்கு மதிப்பெண் குறைத்தோம்.

நேர்காணலுக்கு வருகிறேன். "கெஸ்ட் லெக்சரராப் போட்டுக்கலாம்" என்று மைத்துனர் இரங்கினார்.

தமிழில் அதற்கு 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். கௌரவத்தைப் பெயரிலேயே கொடுத்துவிட்டதால் சம்பளத்தில் தனியாகக் கொடுக்கவேண்டியதில்லை. 2019-இல் மானியக் குழு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. 2024-இல் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அது 25,000, அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதத்தில் கௌரவத்துக்குப் பசிக்காது என்பது அரசின் முடிவு. எங்களுடையதைப் போன்ற சுயநிதிக் கல்லூரியில் அந்தக் கொடுப்பினையும் இல்லை. மே மாதம் எங்களுக்குத்தான் வேலை அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கப் போகவேண்டும். அசல் சான்றிதழ்கள் அலுவலகப் பீரோவில் பத்திரமாக இருக்கும். அடிமை முறிச்சீட்டு என்ற வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள்; 'சேஃப் கஸ்டடி' என்பார்கள்.

ஹால் அதிர்ச்சி அடையவில்லை. இளமையில் தெற்கு லண்டன் பள்ளிகளில் பதிலி ஆசிரியராக வேலை பார்த்தவர்தானே. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். கேமராவை அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் தாளாளரின் பேரனுக்குக் காதுகுத்து.

இதெல்லாம் நம் ஊர்க் கூத்து என்று ஆறுதல் படாதீர்கள். ஹால் கட்டிக்காத்த பர்மிங்காம் மையம் பிறகு ஒரு துறையாக வளர்ந்தது. 2001-இல் பிரிட்டன் நடத்திய ஆய்வு மதிப்பீட்டில் அந்தத் துறைக்கு மதிப்பெண் குறைந்தது. 2002-இல் பல்கலைக்கழகமே அதை இழுத்துப் பூட்டியது. அதிகாரம் எப்படிச் சிரித்துக்கொண்டே சம்மதம் வாங்குகிறது என்று உலகுக்குப் பாடம் நடத்திய வீட்டை ஒரு மார்க் ஷீட் முடித்துவைத்தது. அங்கே கடைசிவரை எதிர்த்துக் குரல் கொடுத்த மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

இங்கே? போன செமஸ்டரில் ஊடக அரசியல் பொருளாதாரம் நடத்தினேன். எந்த ஊடகத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்றேன். இது யாருடையது, யார் உழைக்கிறார்கள், காசு யாருக்குப் போகிறது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கூலி வேலை செய்யும் அப்பா வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டிய பெண். ஸ்டுடியோ கட்டணம் கட்டி இரண்டு வருடமாகியும் ஸ்டுடியோக் கதவு திறந்து பார்க்காதவள்.

"சார், இந்தக் காலேஜ் யாருது சார்? உங்களுக்கு எவ்ளோ சார் சம்பளம்?"

நான் நடத்திய பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள். கண்காணிப்புக் கேமராவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன்.

"அது சிலபஸ்ல இல்லம்மா, உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் பன்னாட்டுக் கருத்தரங்கு. தலைப்பு, 'விளிம்புநிலைக் குரல்களும் ஊடகமும்'. எனக்கு 5 புள்ளி.