துரத்துவார் யாருமில்லை

டெடிங்டன், லண்டன்.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மைத்துனன் எழுதிக்கொண்டது.  

சனிக்கிழமைதோறும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று தொலைபேசியில் நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை, எனக்கு உத்தியோகம் போய்விட்டதென்றும் பஸ்ஸுக்குக் கொடுக்கவும் கையில் காசில்லையென்றும் அக்கா அர்த்தம் பண்ணிக்கொண்டு, வடிவுடையம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்ட செய்தி என் காதுக்கு எட்டியது. உத்தியோகம் பத்திரமாக இருக்கிறது. புடவையைத் தாராளமாகச் சாத்தலாம், அம்மனுக்கு ஆட்சேபம் இராது. ஆனால் விஷயத்தை உங்களுக்காவது சாவகாசமாக விளக்கிவிட வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வட்டாரத்தில் ஒருவன் ஓடுகிறான் என்றால், பின்னால் ஏதோ வருகிறது, அல்லது முன்னால் ஏதோ போய்விடப் போகிறது என்று பொருள். தெருமுனையில் தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டதும் நாங்கள் குடத்தோடு ஓடினோம். ஆலையில் இரண்டாம் சங்கு ஊதிவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்களென்று, டிபன் காரியர் இடுப்பில் இடிக்க இடிக்க, நீங்கள் ஓடினீர்கள். கும்மிடிப்பூண்டி வண்டி திருவொற்றியூரைத் தாண்டிவிடக் கூடாதென்று கல்லூரி நாட்களில் நான் ஓடினேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மட்டும் ஒரு காரணமும் காட்டாமல் ஓடச் சொன்னார்கள். அங்கே நான் ஜெயித்ததேயில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தபோது, ராயபுரத்தில் குடியிருந்த எங்கள் முப்பாட்டனார் பணப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு செங்குன்றம் வரையில் ஓடினாரென்ற ஐதிகத்தைப் பாட்டி வாயால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். எம்டன் அரைமணி நேரத்தில் போய்விட்டது; அவர் திரும்பிவர மாதக்கணக்கில் ஆயிற்று.

இங்கே நிலைமை வேறு. எங்கள் வீட்டுக்கு அருகில் புஷி பார்க் என்று ராஜாங்கத்துக்குச் சொந்தமான பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. 2004 அக்டோபர் 2-ஆம் தேதி, அதாவது நம் காந்தி ஜயந்தியன்று, பால் சிண்டன்-ஹியூவிட் என்பவர், காயம் பட்டுத் தம்மால் ஓட முடியாதிருந்த காலத்தில், நண்பர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கலாமென்று அதில் ஓர் ஓட்டத்தை ஏற்பாடு செய்ய, 13 பேர் வந்து ஓடினார்கள். அதுவே பார்க்ரன் என்ற பெயரில் இன்று பல தேசங்களிலும் நடக்கிறது. சனிக்கிழமைதோறும் நான் ஓடுவதும் அதில்தான். கட்டணமும் கிடையாது, பரிசும் கிடையாது.

அந்த வருஷமே டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், சுனாமி வந்தபோது, நம் கரையில் ஜனங்கள் ஓடிய ஓட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-இலும் அதே டிசம்பர் 26-ஆம் தேதி, நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, எண்ணூர் பெரியகுப்பத்தார் மூச்சுத் திணறக் குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு, ஓடுவது ஒரு சுகம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்; எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது.

இந்தத் தேசத்துக்கு வந்த புதிதில் நான் ஓடுவதையே விட்டிருந்தேன். ஒரு ரயில் போனால் சில நிமிஷங்களில் அடுத்தது வருகிறது; சங்கு ஊதுவாரில்லை; குழாயைத் திறந்தால் தண்ணீர். சௌகரியங்கள் அனைத்தும் என் வயிற்றில் சேர்ந்தன. டாக்டர் கண்டித்ததன் பேரில் முதல்முறை பூங்காவுக்குப் போனவன், பழக்கதோஷத்தால் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பின்னால் ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். சற்று நேரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இங்கே மான்கள் உண்டு, அவை ஓடுவதில்லை. புல்லை மென்றபடி மனிதர்களை வேடிக்கை பார்க்கின்றன. நாய்களோ கயிற்றில் கட்டுண்டு எஜமானர்களோடு சேர்ந்து ஓடுகின்றன. இதை நம் தெரு நாய்களுக்குத் தெரிவிக்க வேண்டாம்.

பிறகு கடிகாரப் பைத்தியம் பிடித்தது. சென்ற வாரத்தைவிட எத்தனை விநாடி குறைந்ததென்று சாப்பாட்டு வேளையில் நான் பிரஸ்தாபிக்க, உங்கள் தங்கை சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகும் அளவுக்கு அது முற்றியது. துரத்த ஒருவரும் இல்லாத இடத்தில் துரத்துவதற்கென்றே ஒரு கருவியை விலைகொடுத்து வாங்கிக் கையில் கட்டிக்கொண்டவன் நான்! தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளியபடி ஓடிய ஒரு தாய் என்னைக் கடந்து போன அன்று அந்தப் பைத்தியம் தெளிந்தது. இப்போது கடிகாரம் மேசையில் கிடக்கிறது. வீட்டுக்கடன், பையனின் படிப்புச் செலவு, மேலதிகாரி ஆகிய மூவரும் என்னை அணுக முடியாத அரைமணி அவகாசத்துக்காக ஓடுகிறேன்.

நீங்களும் ஓடலாம்; வயதாகிவிட்டதே என்று எண்ணாதீர்கள். பஞ்சாபிலிருந்து வந்து கிழக்கு லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங், 2000-ஆம் ஆண்டில், 89-ஆம் வயதில், லண்டன் மாரத்தானை முதன்முதலாக ஓடினார். 2011-இல் நூறு வயதில் டொரன்டோவில் 42 கிலோமீட்டரையும் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ்காரர்கள் அதைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் தம் இஷ்டத்துக்கு எழுதிய பிறந்த தேதியில் ஓய்வு பெற்ற உங்களுக்கு இந்தத் துயரம் நன்கு விளங்கும். ஃபௌஜா சிங் 2025 ஜூலையில், 114-ஆம் வயதில், சொந்தக் கிராமத்துச் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். ஆகையால் இதைப் படித்த உற்சாகத்தில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் மட்டும் ஓட்டத்தைத் தொடங்கிவிடாதீர்கள்.

கோடையில் இங்கு வரும்போது உங்களுக்கென்று ஓர் உத்தியோகம் பார்த்து வைத்திருக்கிறேன். எவருக்கும் கடைசி இடம் என்ற அவமானம் நேராதபடி, எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே இந்தப் பூங்கா ஓட்டத்தில் ஒரு தொண்டரை நியமிக்கிறார்கள். சம்பளம் கிடையாது, சங்கும் கிடையாது, எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கேட்டைச் சாத்தமாட்டார்கள். பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், வேட்டியா கால்சட்டையா என்பதைப் பிறகு தீர்மானித்துக்கொண்டு, சம்மதத்தை மட்டும் உடனே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்